மிஸ்டு காலுக்குக் கேட்ட காப்புரிமை

நான் கட்டற்ற மென்பொருள் பக்கம் வந்ததற்குக் கொள்கை காரணம் இல்லை. பழைய செய்தித்தாள் பக்கங்கள் திறக்கவில்லை. அதுதான் காரணம்.

திருநெல்வேலியில் ஒரு நாளிதழின் செய்தி மேசையில் நெடுங்காலம் வேலை பார்த்தேன். பக்கங்களை வடிவமைக்க அலுவலகம் ஒரு நிறுவனத்திடம் மென்பொருளும் எழுத்துருவும் வாங்கியிருந்தது. பிறகு அந்த நிறுவனம் மூடப்பட்டது. எங்கள் கணினிகளும் மாறின. பழைய பக்கத்தைத் திறந்தால், ஆற்றில் வெள்ளம் வந்த செய்தி இருக்கவேண்டிய இடத்தில் கேள்விக்குறிகளும் கொக்கிகளும் நின்றன. நாங்கள் எழுதியதை நாங்களே வாசிக்க முடியவில்லை.

டவுணில் தெற்கு ரத வீதியில், ஒரு ஜவுளிக்கடையின் மாடியில், ஞாயிறுதோறும் ஒரு குழு கூடுவதாக அச்சகத்தில் ஒருவர் சொன்னார். போய்ப் பார்த்தேன். கஞ்சி மணக்கும் புது வேட்டிக் கட்டுகளுக்கு நடுவே ஏழெட்டுப் பேர் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தார்கள். ஒரு நிரலை யாரும் பயன்படுத்தலாம், உள்ளே எப்படி எழுதியிருக்கிறது என்று பார்க்கலாம், திருத்தலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம். கட்டற்ற மென்பொருள் என்று அவர்கள் சொன்னது இதைத்தான். என் பக்கங்களை வாங்கிப் பார்த்து, அந்த எழுத்துருவை இக்கால எழுத்துக்கு மாற்றும் ஒரு நிரலைச் சில வாரங்களில் எழுதிக் கொடுத்தார்கள். வெள்ளச் செய்தி திரும்பி வந்தது. என்ன தரவேண்டும் என்று கேட்டேன். "அடுத்த ஞாயித்துக்கெழமையும் வாங்க" என்றார்கள். இன்றுவரை போகிறேன்.

மாடியைக் கொடுத்த ஜவுளிக்கடை அண்ணாச்சிக்கும் கணினிக்கும் பெரிய உறவு கிடையாது. முன்பு அவர் கடையில் இருந்த பில் போடும் மென்பொருள் ஆண்டுக்கு ஒருமுறை பூட்டிக்கொள்ளும். அந்த நிறுவனம் புதுச் சாவி அனுப்பினால்தான் திறக்கும். ஒரு தீபாவளி வியாபாரத்தின்போது அது பூட்டிக்கொண்டதை அவர் இன்றும் மறக்கவில்லை. "ஏங் கடையில நான் வித்தத நான் பாக்கதுக்கு, எவனோ ஒருத்தன்ட்ட சாவி கேக்கணுமா வே?" என்று புதிதாக வருபவர்கள் எல்லோரிடமும் கேட்பார். எங்கள் குழுவின் பிரச்சாரத்தில் பாதி அந்தக் கேள்விதான்.

குழுவில் பெரும்பாலும் ஊரைச் சொல்லித்தான் கூப்பிடுவோம். நான் இங்கே எழுதப்போவது சேரன்மகாதேவியைப் பற்றி. முப்பதைத் தாண்டிய பெண். சென்னையில் ஒரு கணினி நிறுவனத்தில் வேலை. வீட்டில் இருந்தே செய்யலாம் என்று ஆனதும் ஊருக்கு வந்துவிட்டார். அதிகம் பேசமாட்டார். நாங்கள் கடற்கரை ஊர்களில் நடத்திய முகாம்களுக்கு மட்டும் தவறாமல் வருவார்.

உவரியில் பள்ளிக்கூடக் கூடத்தில் அப்படி ஒரு முகாம். கைப்பேசியில் தமிழில் எழுதக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தோம். முன்வரிசையில் இருந்த ஒரு அக்கா எழுந்து நின்றார். கரையில் நடக்கும் மீன் ஏலத்தில், உள்ளூர்ச் சந்தைகளில் விற்கும் சிறு வியாபாரிகளுக்காக மீன் எடுத்துக் கொடுப்பவர்.

"இதெல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா ஏலத்துல நிக்கும்போது கையெல்லாம் செதிலு. எங்கன வச்சு எழுத? அந்தப் பக்கம் வாங்குதவன் வண்டி ஓட்டிக்கிட்டு இருக்கான். அவன் எங்கன வச்சு வாசிக்க? எங்களுக்கு மணி அடிச்சாப் போதும்."

சேரன்மகாதேவி எழுந்துபோய் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

அந்தக் கரையில் பல வருடங்களாக நடந்து வந்த முறை இது. ஏலத்தில் பெட்டி விலை ஏற ஏற, அக்கா தன் வியாபாரிக்கு மிஸ்டு கால் கொடுப்பார். ஓர் அழைப்பு என்றால் விலை ஒரு படி ஏறியிருக்கிறது என்று பொருள். படி எவ்வளவு என்பது அந்த இருவருக்குள் பேசி வைத்தது. வியாபாரிக்குச் சம்மதம் என்றால் ஒரு மிஸ்டு கால் திருப்பிக் கொடுப்பார். வராவிட்டால் வேண்டாம் என்று பொருள். யாரும் போனை எடுப்பதில்லை. ஏலம் சொல்பவர் மூன்றாம் தரம் சொல்வதற்குள் பதில் வரவேண்டும். வராவிட்டால், பனிக்கட்டி லாரியோடு நிற்கும் பெரிய வியாபாரிக்கு மீன் போய்விடும். நாங்குநேரியிலும் மேலப்பாளையத்திலும் வண்டியில் மீன் விற்பவர்களுக்கு அன்றைக்குச் சரக்கு இல்லை.

சமீபத்தில் இது சரியாக வேலை செய்யவில்லை. கரையில் எல்லோரும் ஒரே நேரத்தில் போனைப் போட்டால், ஓர் அழைப்பு போய்ச் சேரும். அடுத்தது பாதியில் நின்றுவிடும். மூன்று படி என்று அக்கா அனுப்பியது அங்கே இரண்டாகக் கேட்கும். அதனால் சண்டைகள் நடந்திருக்கின்றன.

சேரன்மகாதேவி எழுதிய நிரல் சிறியது. திரையில் பெரிய பொத்தான் ஒன்று. ஈர விரலால் தட்டினால் போதும். எத்தனை தட்டினோமோ, அத்தனை மணி எதிர்ப்பக்கம் பிசகாமல் அடிக்கும். சிக்னல் ஒரு கோடு இருந்தாலும் போகும். பதில் மணியும் அப்படியே வரும். கட்டற்ற உரிமத்தில் வெளியிட்டார். உவரியிலிருந்து பக்கத்துக் கரைகளுக்கும் அது பரவியது. யாரோ ஒருவர் மலையாளத்தில் மாற்றிக் கேரளக் கரையிலும் பயன்படுத்துவதாக எங்களுக்குத் தகவல் வந்தது. அந்த மாற்றத்தை அவர் எங்களுக்கே திருப்பி அனுப்பியிருந்தார். அவர் முகத்தை நான் பார்த்ததில்லை. நன்றி என்று எழுதினேன். "நானல்லவா சொல்லவேண்டும்" என்று பதில் வந்தது.

பிறகு நோட்டீஸ் வந்தது.

வடக்கே ஒரு நகரத்தில் இருக்கும் நிறுவனம். மின்னஞ்சலில் ஆங்கிலத்தில் நான்கு பக்கம். தொலைவில் இருக்கும் வாங்குபவருக்கு, அழைப்பை இணைக்காமல், மணிகளின் எண்ணிக்கையால் விலையைத் தெரிவித்து, திரும்பி வரும் மணியால் சம்மதம் பெறும் முறைக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்திருக்கிறார்களாம். சேரன்மகாதேவியின் நிரல் அந்த முறையைத்தான் செய்கிறதாம். உடனே எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் காப்புரிமை கிடைத்ததும் வழக்குப் போடுவோம் என்று முடிந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மாடியில் அதைத் தமிழில் சொன்னேன். அண்ணாச்சி படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"எலேய், இது மிஸ்டு கால்லா!" என்று சிரித்தார். "இதுக்கா பட்டா கேக்கான்?"

எல்லோரும் சிரித்தோம். சேரன்மகாதேவி சிரிக்கவில்லை. தான் வேலை பார்க்கும் சென்னை நிறுவனத்தில் விஷயத்தைச் சொல்லியிருந்தார். ஊழியர் பெயரில் வழக்கு எதுவும் வரக்கூடாது, வந்தால் வேலையில் தொடர முடியாது என்று தெளிவாகச் சொல்லிவிட்டார்கள்.

"எடுத்துரலாம் சார். எடுக்க ஒரு நிமிஷம் ஆகாது" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அந்த அக்காகிட்ட எப்படிச் சொல்லன்னுதான் தெரியல" என்றார்.

மென்பொருள் காப்புரிமையை எதிர்த்து நான் எத்தனையோ கூட்டங்களில் பேசியிருக்கிறேன். நம்மைப் போன்ற நாட்டில், ஒரு யோசனையை வேலி போட்டு அடைத்தால், வழக்கறிஞர் வைத்துக்கொள்ள முடிந்தவர்களுக்கு மட்டுமே நிரல் எழுத முடியும் என்று சொல்லுவேன். சொல்லும்போது என் மனதில் பெரிய நிறுவனங்களும் நீதிமன்றங்களும்தான் இருந்தன. ஈரக்கையோடு ஒரு பொத்தானைத் தட்டும் பெண் இருந்ததில்லை. அன்றைக்குத்தான் வந்தார்.

எங்கள் குழுவிலிருந்து சென்னைக்குப் போன வழக்கறிஞர் ஒருவர் உண்டு. அவரைப் போனில் பிடித்தோம்.

"அவங்களுக்கு இன்னும் காப்புரிமை கிடைக்கல. விண்ணப்பம்தான் போட்டிருக்காங்க" என்றார். "கொடுக்கதுக்கு முன்னாடி யார் வேணும்னாலும் எதிர்ப்புப் போடலாம். அந்த அம்மா பேர்லதான் போடணும்னு இல்ல. உங்க பேர்ல போடலாம் சார்."

அவர் மேலும் சொன்னார். கணினி நிரல் என்ற அளவில் நம் சட்டம் காப்புரிமை கொடுப்பதில்லை. ஆனால் நிறுவனம் விண்ணப்பத்தை நிரல் என்று எழுதாமல் கருவி, முறை என்று சுற்றி எழுதியிருக்கிறது. அதை மட்டும் நம்பி இருக்க முடியாது. இன்னொரு வழி இருக்கிறது. ஏதாவது ஓர் ஊர் மக்களிடையே அந்த அறிவு ஏற்கெனவே இருந்தது என்று காட்டினால் போதும். எழுத்தில் இருக்கவேண்டும் என்றுகூட இல்லை. வாய்மொழியாக இருந்தாலும் சட்டம் ஏற்கிறது.

சட்டப் புத்தகத்தை எடுத்து அந்த வரியைத் தேடி வாசித்தேன். இருந்தது. எப்போதோ, ஏதோ ஒரு கூட்டத்தில், யாரோ ஒருவர் வாய்மொழியையும் சேருங்கள் என்று வற்புறுத்தியிருக்கவேண்டும். மலையடிவாரத்து மருந்துச் செடியை நினைத்துச் சொல்லியிருப்பார். மிஸ்டு காலை நினைத்திருக்கமாட்டார். அவர் யார் என்று எனக்குத் தெரியாது. அவருக்கும் ஒரு நன்றி பாக்கி இருக்கிறது.

எதிர்ப்பு என் பெயரில் என்றானதும் சேரன்மகாதேவியின் நிறுவனம் முடிவு தெரியும்வரை பொறுக்கச் சம்மதித்தது. நிரல் அதுவரை இருக்கும். நாங்கள் உவரிக்குப் போய் வாக்குமூலம் வாங்கவேண்டும்.

காலை ஏலம் முடிந்த பிறகு, வலைகள் குவித்துக் கிடந்த ஒரு கொட்டகை நிழலில் அக்கா ஆட்களைக் கூட்டி வைத்திருந்தார். கரையில் மீன் எடுக்கும் பெண்கள், வண்டியில் வந்து வாங்கிப் போகும் இரண்டு மூன்று வியாபாரிகள், ஏலம் சொல்பவர். நான் விஷயத்தைச் சொன்னேன். மிஸ்டு கால் முறையை எப்படிச் செய்தீர்கள் என்று ஒவ்வொருவரும் சொல்லவேண்டும், எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்வேன் என்றேன்.

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

  அக்காதான் பேசினார்.

"மிஸ்டு கால் கொடுத்தோம்னு சொல்லுதேன். எழுதிக்கிடுங்க. கணக்கு என்னன்னு கேக்கப்படாது."

"கணக்குத்தான் முக்கியம்க்கா" என்றார் சேரன்மகாதேவி. "மணிய வச்சு எப்படி வெலை சொன்னீங்கன்னு காட்டணும்லா."

"ஏட்டி, அதச் சொல்லிட்டா அப்புறம் என்ன இருக்கு? ஏங் கணக்கு எனக்கும் ஏம் வியாவாரிக்கும்தான் தெரியும். எம் மாப்பிளைக்கே தெரியாது. பேப்பர்கார அண்ணாச்சி இத எழுதிட்டுப் போவாரு, நாளைக்கு லாரிக்காரன் வந்து எண்ணிக்கிட்டு நிப்பான்."

மற்றப் பெண்களும் தலையை ஆட்டினார்கள். ஆளாளுக்கு ஒரு கணக்கு, அது ஆளாளுக்கு ரகசியம். சட்டத்துக்கோ அது ஊரறிந்ததாக இருக்கவேண்டும். நான் சேரன்மகாதேவியைப் பார்த்தேன். அவர் மணலைப் பார்த்துக்கொண்டிருந்தார். எடுக்க ஒரு நிமிஷம் ஆகாது என்று அவர் சொன்னது எனக்கு நினைவு வந்தது.

அப்போது வலைக் குவியல்மேல் சாய்ந்திருந்த இன்னொரு பெண், அக்காவின் வயதுதான் இருக்கும், நிதானமாகச் சொன்னார்:

"ஒனக்கு ஒரு அடிக்கு அம்பது ரூவா. மொத அடி சும்மா, கணக்குல சேராது."

அக்கா திரும்பினார். "ஏட்டி! ஒனக்கு எப்படித் தெரியும்?"

"இத்தன வருசமா ஒம் பக்கத்துலதான நிக்கேன். போன அமுக்க அமுக்க, இடது கையில வெரல மடக்குவ. வாய் வேற முணுமுணுக்கும். அத எண்ணுததுக்கு எனக்குப் படிப்பா வேணும்?"

கொட்டகை வெடித்துச் சிரித்தது. அக்காவின் முகம் சிவந்துவிட்டது. ஆனால் அவர் விடுவாரா?

"ஒன் கணக்கு மட்டும் பெட்டிக்குள்ளயா இருக்கு? சாளை மீனுக்கு இருவது, சீலா மீனுக்கு நூறு. சீலான்னா மொதல்ல ரெண்டு அடி சேத்து அடிப்ப. இந்தக் கரையில எந்தப் பிள்ளைக்குத் தெரியாது?"

அதன் பிறகு என் பேனாவால் ஈடுகொடுக்க முடியவில்லை. ஒவ்வொருவரும் அடுத்தவர் கணக்கைச் சொன்னார்கள். தன்னுடையதை யாரும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. வண்டி வியாபாரி ஒருவர், தன் போட்டியாளருடைய கணக்கைத் தெரிந்து வைத்துக்கொண்டு அதற்கு ஒரு படி மேலே சம்மதம் அனுப்பியதாகச் சொல்ல, அந்தப் போட்டியாளர் பக்கத்திலேயே இருந்தார். "அது நீதானாலே!" என்று அவர் எழுந்ததில் கொஞ்ச நேரம் வேலை நின்றது.

 ஏலம் சொல்பவரும் சேர்ந்துகொண்டார்: "நான் ரெண்டாந்தரம் சொல்லிட்டு ஏன் பைய நிறுத்துதேன்னு நெனைக்கிய? எச்சி முழுங்கவா? அந்தப் பக்கத்து மணி திரும்பி வாரதுக்குத்தான. இவ போன் அடிச்சுட்டா நான் மூணாந்தரம் போவேன்."

"அப்ப லாரிக்காரனுக்கும் தெரியுமா?" என்றார் அக்கா, குரல் இறங்கி.

"அவன் ஆளு தெனமும் குருசடிச் சிலுவைகிட்ட நின்னு என்னத்த எண்ணுதான்னு நெனச்ச? செவமாலை மணியையா?"

கையெழுத்துப் போட அதற்குமேல் யாரும் தயங்கவில்லை. இனி ஒரு சிக்கல்தான் இருந்தது. நிறுவனம் விண்ணப்பம் போட்டதற்கு முன்பே இது நடந்தது என்று காட்டவேண்டும். எந்த ஆண்டு தொடங்கினீர்கள் என்று கேட்டால், ஆண்டாகச் சொல்ல யாருக்கும் வரவில்லை. ஒருவர், மூத்த மகளுக்கு மாதா கோயிலில் புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, கொடுத்த வருசம் என்றார். இன்னொருவர், அதே கோயிலுக்குப் புதுக் கொடிமரம் வைத்த திருவிழா என்றார். வழக்கறிஞருக்குப் போன் போட்டுக் கேட்டேன். "அதவிட நல்ல தேதி கெடைக்காது சார். கோயில்ல பதிவு இருக்கும்" என்றார். இருந்தது. அந்தப் பிள்ளை இப்போது நர்ஸாக வேலை பார்க்கிறாள்.

காப்புரிமை அலுவலகத்தின் விசாரணை காணொளியில் நடந்தது. ஜவுளிக்கடை மாடியில், வேட்டிக் கட்டுகளை நகர்த்திவிட்டு எல்லோரும் ஒரே திரைமுன் உட்கார்ந்தோம். நிறுவனத்தின் வழக்கறிஞர் நன்றாகத் தயாராகி வந்திருந்தார். மிஸ்டு கால் வழக்கம் இருந்திருக்கலாம், ஆனால் அது இருவருக்குள் மட்டும் இருந்த ரகசியம், ஊரறிந்த முறை என்று சொல்ல முடியாது என்றார். நான் பயந்த வாதம் அதுதான். எங்கள் வழக்கறிஞர் பதில் வாதம் எதுவும் செய்யவில்லை. வாக்குமூலங்களை வரிசையாக வாசித்தார். ஒவ்வொன்றிலும் ஒருவர் இன்னொருவருடைய கணக்கைச் சொல்லியிருந்தார். விரல் மடக்கியதும் வாய் முணுமுணுத்ததும்கூட அதில் இருந்தது.  ஏலம் சொல்பவர் இரண்டாம் தரத்தில் நிறுத்துவதைப் பற்றிய பகுதியை மட்டும் அதிகாரி இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார்.

முடிவுக்குப் பல மாதங்கள் காத்திருந்தோம். அந்த மாதங்களில் சேரன்மகாதேவி நிரலில் ஒரு வரியும் புதிதாகச் சேர்க்கவில்லை. எடுக்கவேண்டி வந்தால் சேர்த்ததும் போய்விடுமே என்றார்.

உத்தரவு ஒரு வேலை நாள் காலையில் வந்தது. நான் சேரன்மகாதேவியில் அவர் வீட்டில்தான் இருந்தேன். வேறு ஒரு முகாம் பற்றிப் பேசப் போயிருந்தேன். அவர் திரையில் வாசித்தார். கடைசிப் பத்திக்கு வந்ததும் மடிக்கணினியை என் பக்கம் திருப்பினார். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. கடற்கரை மக்களிடையே அந்த முறை முன்பே அறியப்பட்டும் பயன்படுத்தப்பட்டும் வந்தது என்பது காரணங்களில் ஒன்று. மேல்முறையீட்டுக்கு வழி உண்டு. நான் இதை எழுதும்வரை அவர்கள் போகவில்லை.

அவர் எழுந்துபோய் வாசலில் நின்றார். வாய்க்கால் வரை பரந்த வயல்களில் நாற்று நட்டுக்கொண்டிருந்தார்கள். திரும்பி வந்தபோது கண் கலங்கியிருந்தது. "அக்காவுக்கு மொதல்ல சொல்லிருவோம் சார்" என்று போனை எடுத்தார். நானும் கேட்கும்படி சத்தமாக வைத்தார்.

வெகுநேரம் அடித்த பிறகு அக்கா எடுத்தார். பின்னால் அலைச்சத்தம், காக்கைகள், ஏலக்காரரின் குரல்.

"அக்கா, நம்ம கேஸு..."

"ஏட்டி, வையி, வையி! ரெண்டாந்தரம் ஓடுது. நீ லைன்ல நின்னா எனக்கு மேலப்பாளையத்து மணி எப்படி வரும்?"

போன் துண்டிக்கப்பட்டது. சேரன்மகாதேவி என்னைப் பார்த்துச் சிரித்தார். உள்ளே போய்க் காப்பி போட்டுக்கொண்டு வந்தார். ஏலம் முடியட்டும் என்று இருவரும் காத்திருந்தோம்.